சாரத்திலிருந்து விழுந்தவருக்குச் சட்டம் என்ன தருகிறது?

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஒரு கட்டடத் தொழிலாளியைத் தூக்கி வந்தால், பணியில் இருக்கும் மருத்துவர் முதலில் கேட்பது, "எப்படி அடிபட்டது? எங்கே?" என்பதுதான். அடிபட்டவர் பேசும் நிலையில் இருக்க மாட்டார். கூட வந்தவர்தான் பதில் சொல்வார். அந்தக் கூட வந்தவர் பெரும்பாலும் மேஸ்திரியாகவோ சைட் சூப்பர்வைசராகவோ இருப்பார். "வீட்டு மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டாரு சார்" என்று அவர் சொன்னால் விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிடும். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது இந்தப் பதிவைத்தான்.

சில மாதம் கழித்து இழப்பீடு கேட்டு மனுப் போடும்போது எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவதும் இதே காகிதம்தான். "மனுதாரர் வீட்டில் விழுந்ததாக மருத்துவமனைப் பதிவே சொல்கிறது. எங்கள் கட்டடத்தில் விபத்தே நடக்கவில்லை." சட்டத்தில் இடம் இல்லாமல் தோற்பவர்களைவிட இப்படி ஒரு வரியால் தோற்பவர்களே அதிகம் என்பது என் எண்ணம். அதனால் நினைவு திரும்பியதும், வேலையிடத்தில்தான் விழுந்தேன் என்று வார்டு மருத்துவரிடமும் வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ்காரரிடமும் சொல்லிப் பதிவு செய்ய வைக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அது வரவேண்டும். மற்ற எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கட்டட வேலையில் ஆட்கள் எப்படி அடிபடுகிறார்கள் என்பது அந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். சாரத்தின் பலகை புரண்டு விழுவது, சென்ட்ரிங் சரிவது, அஸ்திவாரக் குழியில் மண் மூடுவது, லிஃப்ட்டுக்காக விட்ட குழிக்குத் தடுப்பு வைக்காமல் இருட்டில் கால் வைப்பது, மேல் தளத்துக்குக் கம்பி ஏற்றும்போது பக்கத்தில் போகும் மின்கம்பியில் படுவது. இவற்றில் ஒன்றும் புதிது இல்லை. தடுப்புக் கம்பி, வலை, சேஃப்டி பெல்ட், அதை மாட்டுவதற்கு ஒரு கயிறு என்று தீர்வும் பழையதுதான். பல சைட்டுகளில் பெல்ட் இருக்கும், மாட்டுவதற்குக் கயிறு இருக்காது. இன்ஸ்பெக்‌ஷன் வருகிற அன்று எல்லோர் தலையிலும் ஹெல்மெட் இருக்கும்.

பெரிய விபத்து என்றால் செய்தியாகிறது. 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். அதில் பலர் வட ஆந்திராவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். விசாரணை ஆணையம், நிவாரண அறிவிப்பு, கைது எல்லாம் நடந்தன. ஆனால் ஒரு தெருவில் மூன்றாவது மாடி பூச்சு வேலையில் ஒருவர் விழுந்து இடுப்பு உடைந்தால் அதற்கு ஆணையம் கிடையாது. அவருக்கு இருப்பது சட்டம் மட்டும்தான்.

அந்தச் சட்டத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 2010 முதல் அதன் பெயர் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். அதன் அடிப்படை எளிமையானது. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்து காயம் பட்டால் முதலாளி பணம் தர வேண்டும். முதலாளி தவறு செய்தாரா என்று பார்ப்பதே இல்லை. தொழிலாளி கவனக்குறைவாக இருந்தார் என்பதும் பதிலாகாது. சாதாரண சிவில் வழக்கில் எதிராளியின் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும். இங்கே விபத்து நடந்ததையும் அது வேலையோடு சேர்ந்தது என்பதையும் காட்டினால் போதும்.

விதிவிலக்குகள் சில உண்டு. குடித்திருந்த காரணத்தால் நடந்த விபத்து, பாதுகாப்புக்கென்று தெளிவாகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறியது, கொடுத்த பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றிப் போட்டது ஆகியவற்றுக்கு இழப்பீடு இல்லை. சைட்டில் விபத்து நடந்த மறுநாளே "அவன் காலையிலேயே போட்டுட்டுதான் வந்தான்" என்று பேச்சு கிளம்புவது இதனால்தான். ஆனால் தொழிலாளி இறந்துபோனாலோ, இனி எந்த வேலையும் செய்ய முடியாதபடி முழு ஊனம் ஏற்பட்டாலோ இந்த விதிவிலக்குகள் ஒன்றுகூடச் செல்லாது. குடித்திருந்தார் என்று நிரூபித்தாலும் குடும்பத்துக்குப் பணம் தந்துதான் ஆக வேண்டும். இது பல மேஸ்திரிகளுக்குத் தெரியாது. தெரிந்த சில கான்ட்ராக்டர்கள் சொல்வதில்லை.

இங்கே ஒரு மாற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தன. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் ஓர் அத்தியாயமாகப் போய்விட்டது. கட்டடத் தொழிலாளர்களுக்கென 1996-ல் வந்த சட்டத்தின் பாதுகாப்புப் பகுதி, பணிப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போயிருக்கிறது. இழப்பீட்டின் எலும்புக்கூடு ஏறக்குறைய அதேதான்: தவறு பார்க்காத பொறுப்பு, சம்பளத்தையும் வயதையும் வைத்துப் போடும் கணக்கு, தாமதித்தால் வட்டியும் அபராதமும். சில தொகைகளும் விகிதங்களும் சட்டத்திலேயே எழுதியிருந்தது போய், அரசு அறிவிக்கையிலும் விதிகளிலும் வரும்படி மாற்றப்பட்டிருக்கின்றன. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்பு இருந்தால் வேலை விபத்தாகவே கருதப்படும் என்று புதிய தொகுப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. லாரியின் பின்புறம் நின்றுகொண்டு சைட்டுக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2025 நவம்பர் 21-க்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டமே பேசும். கீழே வரும் எண்கள் பழைய சட்டத்தின் எண்கள். இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் ஆணையர்கள் முன் இன்று நிற்கும் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை அதில்தான் ஓடுகின்றன.

சரி, முதலாளி தர வேண்டும். யார் முதலாளி?

இந்த ஒரு கேள்வியில்தான் பாதி வழக்குகள் நொண்டுகின்றன. அடுக்குமாடி கட்டும் நிறுவனம் ஒரு பெரிய கான்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுக்கும். அவர் கம்பி வேலையை ஒருவரிடமும் சென்ட்ரிங்கை ஒருவரிடமும் பூச்சை ஒருவரிடமும் பிரித்து விடுவார். பூச்சு எடுத்தவர் ஊரிலிருந்து ஒரு லேபர் கான்ட்ராக்டரைப் பிடிப்பார். அவர் பத்துப் பேரோடு வரும் ஒரு மேஸ்திரியைப் பிடிப்பார். சித்தாளாக நிற்கும் பெண்ணைக் கேட்டால் மேஸ்திரி பேரைத்தான் சொல்வார். அதற்கு மேலே யார் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளத் தேவையும் இருந்ததில்லை. விபத்து நடந்ததும் கம்பெனி "அவர் எங்கள் ஆளே இல்லை" என்கிறது. கான்ட்ராக்டர் சப்-கான்ட்ராக்டரைக் காட்டுகிறார். மேஸ்திரியிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை; ஒரு பழைய பைக்கும் கலவைச் சட்டிகளும்தான் அவர் சொத்து.

இந்த நழுவலைச் சட்டம் அப்போதே எதிர்பார்த்திருக்கிறது. 1923 சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஒருவர் தம் தொழிலுக்காக ஒரு வேலையைக் கான்ட்ராக்டரிடம் கொடுத்து, அந்த வேலையில் தொழிலாளி காயம்பட்டால், வேலையைக் கொடுத்தவரே நேரடியாக வைத்த ஆளுக்குத் தருவதைப் போல இழப்பீடு தர வேண்டும். அப்புறம் அந்தப் பணத்தைக் கான்ட்ராக்டரிடமிருந்து அவர் வசூலித்துக்கொள்ளலாம். அது அவர்கள் இருவருக்கும் உள்ள கணக்கு. தொழிலாளி யாரைக் கேட்பது என்று அலைய வேண்டியதில்லை. மனுவில் மேஸ்திரி, கான்ட்ராக்டர், கட்டுமான நிறுவனம் எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடலாம். கான்ட்ராக்டர் இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், சைட்டில் டபிள்யூ.சி. பாலிசி என்பார்களே, அந்த இன்சூரன்ஸ் கம்பெனியையும் சேர்க்க வேண்டும். கேட்டில் வைத்திருக்கும் போர்டில் நிறுவனத்தின் பெயரும் திட்ட அனுமதி எண்ணும் இருக்கும். கூட வேலை பார்க்கும் யாராவது செல்போனில் அதை ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் எதிர்மனுதாரர் யார் என்று தேடவே வேண்டாம்.

தனி வீடு என்றால் கதை வேறு. சொந்தமாகக் குடியிருக்க வீடு கட்டுகிறவர் கட்டடத் தொழில் நடத்துபவர் இல்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி மொத்த வேலையையும் மேஸ்திரியிடம் விட்டிருந்தால், 12-ஆம் பிரிவு அந்த வீட்டுக்காரரைப் பிடிப்பது கடினம். மேஸ்திரிதான் முதலாளி ஆகிறார். ஆனால் வீட்டுக்காரரே ஆள் பிடித்து நாள் கூலி கொடுத்து வேலை வாங்கினால் அவரே முதலாளி. "நாலு நாள் வேலைக்கு வந்த தற்காலிக ஆள்தானே" என்று ஒதுக்கவும் முடியாது. தற்காலிகத் தொழிலாளியை விலக்கி வைத்திருந்த வாசகம் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் எடுக்கப்பட்டுவிட்டது. ஒரு மாடிக்கு மேற்பட்ட கட்டடம், அல்லது தரையிலிருந்து கூரை உச்சி 12 அடியோ அதற்கு மேலோ உள்ள கட்டடம் என்றால் அதன் கட்டுமானம், பழுதுபார்ப்பு, இடிப்பு எல்லாமே சட்டத்தின் பட்டியலுக்குள் வருகின்றன. வீடு கட்டும் நடுத்தரக் குடும்பங்கள் சிமெண்ட் விலையைக் கணக்குப் போடுகின்றன. ஒரு சின்ன இன்சூரன்ஸ் பாலிசியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனிப் பணக் கணக்கு. மூன்று எண்கள் வேண்டும்: மாதச் சம்பளம், வயது, ஊனத்தின் சதவீதம். வயதுக்கு ஏற்ற காரணி ஒன்றைச் சட்டத்தின் அட்டவணை தருகிறது. 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. வயது ஏற ஏறக் குறையும். இறந்தால் மாதச் சம்பளத்தில் பாதியை இந்தக் காரணியால் பெருக்க வேண்டும். நிரந்தர முழு ஊனம் என்றால் சம்பளத்தில் 60 சதவீதத்தைப் பெருக்க வேண்டும்.

30 வயதுக் கொத்தனார் ஒருவர் மாதம் 24,000 ரூபாய் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் ஒரு முள் இருக்கிறது. கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு மத்திய அரசு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது: 2020 ஜனவரியிலிருந்து 15,000 ரூபாய். அதற்கு முன் பத்து வருடம் அது 8,000-ல் கிடந்தது. எனவே அவர் 24,000 சம்பாதித்தாலும் கணக்கில் 15,000 தான். அவர் இறந்துபோனால் 7,500-ஐ 207.98-ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். உயிரோடு இருந்து முழு ஊனமானால் 9,000-ஐப் பெருக்கினால் 18,71,820. கட்டைவிரல் மட்டும் போனால் அட்டவணைப்படி அது 30 சதவீத இழப்பு; முழு ஊனத் தொகையில் 30 சதவீதம், அதாவது 5,61,546 ரூபாய். கை உடைந்து நாலு மாதம் வேலைக்குப் போக முடியாமல் அப்புறம் சரியாகிவிட்டால், பதினைந்து நாளுக்கு ஒரு முறை சம்பளத்தில் கால் பங்கு, அதாவது மாதம் 7,500 ரூபாய். மருத்துவச் செலவை முதலாளி தனியாகத் தர வேண்டும், பில் இருக்கும் அளவுக்கு. மருந்துக் கடைச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்று தொழிற்சங்கத்துக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்வது இதற்காகத்தான்.

சம்பளத்தை எப்படிக் காட்டுவது? சம்பளச் சீட்டு என்ற ஒன்றைக் கட்டடத் தொழிலாளி பார்த்திருக்க மாட்டார். முன்பெல்லாம் மேஸ்திரியின் நோட்டுப் புத்தகம்தான் ஒரே ஆதாரம். விபத்துக்கு அப்புறம் அந்த நோட்டு காணாமல் போகும். இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. சனிக்கிழமைதோறும் கூகுள் பேயிலோ போன் பேயிலோ வந்த வாரக் கூலி வங்கிக் கணக்கில் கிடக்கிறது. "நாளைக்கு ஆறு ஆள் வேணும்" என்று மேஸ்திரி வாட்ஸ்அப்பில் போட்ட குரல் பதிவு கிடக்கிறது. யார் வேலை கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்ற இரண்டுக்கும் இவை சாட்சி. எதுவுமே இல்லாவிட்டால், அந்த வேலைக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியைக் கணக்கில் எடுக்கும்படி கேட்கலாம்.

ஊனத்தின் சதவீதத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மருத்துவர் சொல்லும் உடல் ஊனமும், அதனால் போகும் சம்பாதிக்கும் திறனும் ஒன்றல்ல. இதை உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியது ஒரு தச்சரின் வழக்கில். ஒடிசாவில் ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தவர் 1968 ஜூலையில் கீழே விழுந்தார். இடது கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி பார்த்தால் அது பகுதி ஊனம்தான், இன்னொரு கை இருக்கிறதே என்பது முதலாளியின் வாதம். 1975 டிசம்பர் தீர்ப்பில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தச்சு வேலையை ஒரு கையால் செய்ய முடியாது, ஆகவே அவர் செய்துகொண்டிருந்த வேலையைப் பொறுத்தவரை இது முழு ஊனம் என்றது. அதே தீர்ப்பில், பணம் தர வேண்டிய கடமை விபத்து நடந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது, ஆணையர் உத்தரவு போடும் நாளில் அல்ல என்றும் சொன்னது. ஐம்பது வருடம் ஆகியும் இழப்பீட்டு மனுக்களில் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டாத நாள் இல்லை. உயரத்தில் ஏறி வேலை செய்யும் சாரக்காரரின் முழங்கால் மடங்காமல் போனால், "40 சதவீத ஊனம்" என்று சான்றிதழ் சொல்வதோடு வழக்கு முடிவதில்லை. அந்தக் காலோடு அவர் இனி எந்தச் சாரத்தில் ஏறுவார் என்று கேட்க வேண்டும்.

விபத்து நாளில் கடமை தொடங்குகிறது என்பதால்தான் வட்டியும் கனமாக விழுகிறது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் பழைய சட்டப்படி ஆண்டுக்கு 12 சதவீதத் தனிவட்டி. நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்தால் இழப்பீட்டில் 50 சதவீதம் வரை அபராதம், அதுவும் தொழிலாளிக்கே. இன்சூரன்ஸ் இருந்தால் இழப்பீட்டையும் வட்டியையும் கம்பெனி கட்டும். அபராதம் மட்டும் முதலாளியின் கையிலிருந்து போகும்.

இவ்வளவும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு இல்லாதவர்களுக்கு. 2015 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து கட்டுமான இடத்துத் தொழிலாளர்களையும் இ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குப் பொருந்தும். ஒருவர் அதில் காப்பீடு பெற்றவர் என்றால் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் மனுப் போட முடியாது. அதற்குப் பதில் மொத்தத் தொகையாக இல்லாமல் மாதாமாதம் வரும். தற்காலிக ஊனத்துக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம், நிரந்தர ஊனத்துக்கு இழப்புக்கு ஏற்ற பங்கு, இறந்தால் மனைவி மக்களுக்குச் சார்ந்தோர் உதவித்தொகை. சிகிச்சைக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனை. இளம் வயதுத் தொழிலாளிக்கு இது பல நேரம் மொத்தப் பணத்தைவிட நல்லது. மொத்தப் பணம் கடனுக்கும் கல்யாணத்துக்கும் போய்விடும், மாதப் பணம் வந்துகொண்டிருக்கும். வேலை விபத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விழுந்தாலும் உரிமை உண்டு.

டிப்பர் லாரி, கலவை வண்டி போன்ற வாகனத்தால் அடிபட்டிருந்தால் இன்னொரு வழியும் திறக்கிறது. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் இரண்டில் ஒன்றுதான். அங்கே 15,000 ரூபாய் வரம்பு இல்லை, வலிக்கும் வேதனைக்கும் தனியாகக் கேட்கலாம். ஆனால் ஓட்டியவர் மீது தவறு இருப்பதைக் காட்ட வேண்டும். எது லாபம் என்பதைக் காயத்தையும் சம்பளத்தையும் பார்த்து ஒரு வக்கீல்தான் சொல்ல முடியும்.

இப்போது, நடைமுறையில் பெரும்பாலும் நடப்பது என்ன? மனுவும் இல்லை, ஆணையரும் இல்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒரு பேச்சுவார்த்தை. கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர் வருவார், ஊர்ப் பெரியவர் ஒருவர் கூட இருப்பார். ஆஸ்பத்திரிச் செலவு போக ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கையில் கொடுத்து, "இனி எங்களுக்குள் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை" என்று முத்திரைத்தாளில் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொள்வார்கள். கையெழுத்துப் போட்டாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று குடும்பமும் நம்பிவிடும்.

முடியும். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. இழப்பீடு குறித்துச் சமரசமாகப் பேசி முடித்தால்கூட அந்த ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை குறைவு, ஏமாற்றி வாங்கியது என்று தெரிந்தால் ஆணையர் பதிவு செய்ய மறுக்கலாம். பதிவுக்கு அனுப்பாமலே விட்டால் முதலாளி முழுத் தொகைக்கும் பொறுப்பு. ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்கவும் ஆணையர் அனுமதி இல்லாமல் முடியாது. இறந்தவரின் குடும்பத்துக்கு என்றால் இன்னும் கண்டிப்பு. பணத்தை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேரில் கொடுத்தது, முன்பணமாகத் தரும் மூன்று மாதச் சம்பளம் வரையிலான தொகை தவிர, இழப்பீடாகவே கணக்கில் வராது. மைத்துனனோ மாமனாரோ வாங்கி வைத்துக்கொண்டு விதவைக்குப் பத்தாயிரம் கொடுக்கும் கதைகளைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆணையர் யார் யாருக்கு எவ்வளவு என்று பிரித்து, பிள்ளைகளின் பங்கை வங்கியில் போட்டு வைப்பார்.

அரசு அறிவிக்கும் நிவாரணமும் இழப்பீடும் வேறு வேறு என்பதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் 1994 முதல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. கட்டடச் செலவில் 1 சதவீதம் நல நிதியாக வசூலிக்கிறார்கள், அந்தப் பணத்திலிருந்து விபத்து மரணம், ஊனம், கல்வி, திருமணம், ஓய்வூதியம் என்று உதவிகள் தருகிறார்கள். வாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். ஆனால் வேலையிடத்தில் இறந்தவர் வாரியத்தில் பதிவு செய்யாதவர் என்றாலும் குடும்பம் விபத்து மரண உதவிக்கு மனுப் போடலாம். வாரியப் பணம் வந்தது என்பதால் முதலாளியின் பொறுப்பு குறையாது. முதலமைச்சர் நிவாரணம் வந்தாலும் அப்படியே.

போலீஸ் பக்கம் ஒரு விஷயம். மரணம் என்றால், "தவறி விழுந்து இறந்தார்" என்று சந்தேக மரணப் பிரிவில் மட்டும் பதிவு செய்து மூடுவது சுலபம். சாரம் சரியாகக் கட்டவில்லை, பெல்ட் தரவில்லை என்று கூட வேலை பார்த்தவர்கள் புகாராக எழுதிக் கொடுத்தால், அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் என்று வழக்கு வரும்; 2024 ஜூலையிலிருந்து அது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை. பணிப் பாதுகாப்புத் தொகுப்பில் ஒரு புது ஏற்பாடு இருக்கிறது. பாதுகாப்புக் கடமையை மீறியதால் மரணம் நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவருக்கோ வாரிசுக்கோ தரும்படி நீதிமன்றம் உத்தரவிடவும் முடியும். இது எவ்வளவு பேருக்குக் கிடைக்கும் என்பது ஆய்வாளர்கள் வழக்குப் போடுவதைப் பொறுத்தது. எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

மனுவை எங்கே போடுவது? தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதிகாரிகளே, துணை ஆணையர் நிலையில் இருப்பவர்கள், இழப்பீட்டு ஆணையர்களாக இருந்து விசாரிக்கிறார்கள். காலக்கெடு விபத்திலிருந்து இரண்டு ஆண்டு. தாண்டிவிட்டாலும் தக்க காரணம் சொன்னால் ஏற்கலாம். மூன்று மாதத்தில் ஆணையர் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வருடங்கள் ஆவதுதான் பழக்கம். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஒருவரைக் கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் வருமானம் எவ்வளவு என்றே பார்ப்பதில்லை. 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் வழி சொல்வார்கள். ஜெயித்த பின் முதலாளி உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போக வேண்டுமானால் முதலில் முழுத் தொகையையும் ஆணையரிடம் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

எல்லாவற்றையும்விட, வெளிமாநிலத்தவர்களுக்குப் பயன்படும் ஒரு வரி இந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து சென்னையில் விழுந்தவர், ஆறு மாதம் தகரக் கொட்டகையில் படுத்துக்கொண்டு வழக்கு நடத்த முடியாது. கான்ட்ராக்டர் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பி வைப்பதும் அதனால்தான். ஆள் ஊருக்குப் போய்விட்டால் வழக்கும் போய்விடும் என்ற கணக்கு. ஆனால் 21-ஆம் பிரிவின்படி விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, தொழிலாளியோ இறந்தவரின் குடும்பமோ வழக்கமாகக் குடியிருக்கும் ஊரிலேயே, அந்தப் பகுதி ஆணையரிடம் மனுப் போடலாம். அந்த ஆணையர் சென்னை ஆணையருக்குத் தகவல் அனுப்புவார், நோட்டீஸ் இங்கே இருக்கும் கம்பெனிக்கு வரும். அவர் அப்படிக் கிளம்பும்போது பையில் இருக்க வேண்டியவை ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, வங்கிப் புத்தகம், அந்த கேட் போர்டின் படம்.